முகமில்லாத பொம்மைகள் செய்தவர்

அவர் யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து என்று ஏதாவது ஒரு மூட்டில் கண்ணை வைத்துக்கொண்டுதான் பேசுவார். கூச்ச சுபாவம் என்று பலர் நினைத்தார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். பெண்களிடம் மரியாதையாக நடந்துகொள்கிற மனிதர் என்று அம்மாவிடம் ஃபோனில் சொல்லிக்கூட இருக்கிறேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் நான்கு வருடம் குடியிருந்தோம். எங்கள் கோலார் தங்கவயலில் வீட்டுக்காரர் என்றால் கணவர். வாடகைக்கு விடுகிறவரையும் அப்படியேதான் சொல்வோம். பெங்களூரில் அந்தக் குழப்பம் இல்லை, ஓனர் என்று சொல்லிவிடலாம். நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும், வாடகைப் பத்திரத்திலேயே இருந்தது. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வீடு பார்க்கப் போன அன்று, என் கணவன் பிரேம் மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கீழே கேட்டருகே நின்றிருந்தேன். அவர் என் தோளைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சரா நீங்க?"

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது?"

"வலது தோள் ஒசந்திருக்கு. போர்டுல எழுதறவங்களுக்கு அப்படி ஆயிடும். டெய்லர்னா ரெண்டும் எறங்கியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு ஒரு சந்தோஷமும். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் என்னை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. இந்த வீட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்று அன்று பிரேமிடம் பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். கம்பெனி பஸ்ஸில் ஓசூர் ரோடு நெரிசலில் போகவர மூன்று மணி நேரம். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து அந்த முப்பது வருடமும் தெருவில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறார். "படிக்கறவன் படிப்பான், தூங்கறவன் தூங்குவான். நான் பாத்துக்கிட்டிருந்தேன் டீச்சர்" என்பார். ஓய்வு பெற்றதும் கார் ஷெட்டைப் பட்டறை ஆக்கினார். கார் எப்போதும் இருந்ததில்லை. அதில் ஒரு மர மேசை, கட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், சுவர் நிறைய அரங்களும் உளிகளும், மைசூர் வழியில் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்திலிருந்து வரவழைத்த வெள்ளை மரக் கட்டைகள். அங்கே பொம்மை செய்வார்.

சாதாரண பொம்மை இல்லை. பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு மரப்பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. பெட்டிக்கு மேல் ஒரு விரல் உயர மனிதர்கள். கைப்பிடியைச் சுற்றினால் பெட்டிக்குள் இருக்கும் மரச்சக்கரங்கள் சுழன்று, கம்பிகளைத் தூக்கி இறக்கி, மேலே இருக்கும் ஆளை அசைய வைக்கும். அந்தச் சக்கரங்கள் முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் முட்டை மாதிரி புடைத்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருக்கும். "வட்டமா இருந்தா சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், ஒண்ணும் நடக்காது. வட்டம் எங்க கெடுதோ அங்கதான் ஆள் அசைவான்" என்று எனக்கு விளக்கினார். கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு அது உடனே பிடித்துவிட்டது.

நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழிக்கும் பஸ் கண்டக்டர். இளநீரை மூன்று வெட்டு வெட்டி நான்காவதற்கு அரிவாளை ஓங்கி நிறுத்தும் ஆள். மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டுபோனதால் தலை தொங்கித் தொங்கி நிமிரும் ஒருவர். அவர் யாரென்று அந்தக் கோயிலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பொம்மைக்கும் முகம் கிடையாது. கண் இல்லை, வாய் இல்லை, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய மொட்டைத் தலை மட்டும். பெயின்ட்டும் அடிக்கமாட்டார்.

"மூஞ்சி வெச்சா மூஞ்சியப் பாப்பாங்க. கையப் பாக்கமாட்டாங்க" என்பார்.

அந்த வீட்டின் மாடித் தளம் பழைய மர உத்தரங்களின் மேல் போட்டது. மேலே ஒரு கரண்டி விழுந்தால் கீழே ஷெட்டில் கேட்கும். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு சீப்பு ரெண்டு தடவ விழுந்துது டீச்சர், கையில எண்ணெயா?" என்று கேட்பார். விழுந்தது சீப்பா, சோப்பு டப்பாவா என்று சத்தத்தை வைத்தே சரியாகச் சொல்வார். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எங்கள் ஓனருக்குக் காதிலும் கண் இருக்கிறது என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் என்னைப் பொம்மலாட்டம் பார்க்க அழைத்துப் போனார். பிரேம் வேலையாக ஹூப்ளி போயிருந்தான். சாம்ராஜ்பேட்டையில் ஒரு சின்ன மண்டபம். மண்டியா பக்கத்திலிருந்து வந்த குழு. கன்னடத்தில் அரிச்சந்திரன் கதை. ஒவ்வொரு பொம்மையும் மூன்றடி உயரம், நிஜப் பட்டுச் சேலை, மூக்குத்தி. செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நிற்கிற வெட்டியான் அவள் புருஷன்தான். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. வழிவிடமாட்டேன் என்கிறான். அந்தப் பொம்மை மெதுவாகத் தலை குனிந்தது. நான் அழுதுவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசி அனுமதி வாங்கி, என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். சந்திரமதியை ஆட்டியவர் அறுபது வயதுக்காரர், சட்டையில்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தார். தலையில் சும்மாடு மாதிரி ஒரு துணி வளையம். அதிலிருந்து பொம்மையின் தலைக்குக் கயிறுகள். கைகளுக்குத் தனியாகக் கம்பிகள். சலங்கை பொம்மையின் காலில் இல்லை, அவர் காலில் இருந்தது. அவர் தலை குனிந்தால் அதுவும் குனியும்.

"பொம்மை அழறதே இல்ல டீச்சர்" என்றார் அங்கிள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "தலைய ஒரு இன்ச் எறக்கி, அங்கயே நிறுத்திடறாரு. அவ்வளவுதான். மிச்சத்த நீங்க அழுதீங்க."

ஆட்டோவில் திரும்பும்போது விரல்களால் தொடையில் தாளம் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவர் செய்த பெட்டிகள் எல்லாம் மாறிவிட்டன. முன்பு பொம்மைகள் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். இப்போது நடுவில் நின்றன. கைப்பிடி சுழன்றுகொண்டே இருக்கும், ஆள் மட்டும் ஒரு கணம் அப்படியே நிற்பான், பிறகு அசைவான். அந்த நிற்றலில்தான் அது உயிருள்ளதாகிவிடும். பார்ப்பவர்களுக்கு மூச்சு நிற்கும்.

பத்து நாள் கழித்து ஷெட் ஜன்னலில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், புறங்கையால் கண்ணைத் துடைக்கிறாள். "இது நீங்கதான்" என்றார். "உள்ளங்கையால தொடைக்கல நீங்க. எல்லாரும் உள்ளங்கையாலதான் தொடைப்பாங்க." எனக்குப் பெருமையாக இருந்தது. ஃபோனில் வீடியோ எடுத்து என் தங்கைக்கு அனுப்பினேன்.

அவரைப் பற்றி அப்போதே புரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் தெரு முனையில் ரத்னம்மா என்கிற அம்மாள் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். அவள் வண்டிக்கடியில் ஒரு தெருநாய் படுத்திருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஒரு ஸ்கூட்டர் அதன் இடுப்பில் ஏறிப் போய்விட்டது. சத்தம் கேட்டு நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். ரத்னம்மா கரிப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டுச் சாக்கோடு வந்தாள். நாய் முன்னங்கால்களால் இழுத்து இழுத்துத் தெருவைக் கடக்கப் பார்த்தது. கேட்டருகே அங்கிள் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு முன்பே வந்துவிட்டவர். கையில் சின்ன நோட்டு, பென்சில்.

"அங்கிள், ஒரு பக்கம் பிடிங்க" என்றேன்.

"ஒரு நிமிஷம் டீச்சர், தூக்கிடாதீங்க. எடது கால் மட்டும் வேற மாதிரி வருது" என்றார்.

ரத்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தள்ளி நில்லு சாமி" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் இருவருமாகச் சாக்கில் தூக்கி ஆட்டோவில் போட்டோம். நாய் அன்று சாயங்காலம் செத்துப்போயிற்று.

அடுத்த மாதம் நொண்டி நாய் ஒன்று பெட்டியின் மேல் போய்க்கொண்டிருந்தது. மூன்று தப்படி இழுத்து, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி இழுக்கும். தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று சுற்றினார்கள். நானும் சுற்றினேன். எவ்வளவு அப்படியே இருக்கிறது என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

பிரேம் குடிகாரன் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் நல்ல வேலை. சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் போடமாட்டான். முதல் தடவை அடித்தது ஒரு சட்டைக்காகத்தான். ரத்னம்மாவிடமிருந்து வாங்கிவர மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மாதா கோயில் பூசை முடிந்து வந்து அங்கிள் கீழே ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். பிரேம் கத்த ஆரம்பித்ததும் ரம்பச் சத்தம் நின்றது.

நான் அப்போது ஒன்றுதான் நினைத்தேன். வருகிறார். படியில் கால் சத்தம் கேட்கப்போகிறது. பிரேமும் அதையே நினைத்தான். ஓங்கிய கையோடு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாரும் வரவில்லை. அடித்தான். நான் பீரோவில் மோதிக்கொண்டு விழுந்தேன். பிறகு அவன் குளிக்கப் போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ரம்பம் மறுபடி அறுக்கத் தொடங்கியது.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். கீழே சத்தம் நிற்கும், எல்லாம் முடிந்த பிறகு தொடங்கும். மூன்றாவது தடவைக்குப் பிறகு பிரேம் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டான். எனக்கு அந்தப் பழக்கம் போக இன்னும் நாளாயிற்று.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். யாரிடம் சொல்வது? அப்பா சுரங்கம் மூடிய பிறகு வேலையில்லாமல் இருந்து, கடைசியாக ஓடி ஓடி எனக்கு ஒரு கல்யாணம் செய்துவைத்தவர். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் நான் சிரித்துப் பேசுகிறவள். சொல்லாமலேயே தெரிந்த ஒரு மனிதர் கீழே இருக்கிறார், அவர் ஒரு நாள் கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு தடவை கேட்டார். தண்ணீர் மோட்டார் போடக் கீழே வந்திருந்தேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினேன்.

"கழுத்து சரியில்ல போல டீச்சர்."

"படுத்ததுல பிடிச்சுக்கிச்சு அங்கிள்."

எதிரே ஒருவர் இன்னொரு கேள்வி கேட்பதற்குத் தேவையான அளவு நேரம் நான் மோட்டார் சுவிட்சிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"தலகாணி ஒசரமா இருந்தா அப்படித்தான் ஆகும்" என்றார். உள்ளே போய் ஒரு தைல பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தார். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, "வெச்சுக்குங்க டீச்சர், வேண்டியிருக்கும்" என்றார்.

நான்காவது வருடம் யாரோ அவருடைய பெட்டிகளை வீடியோ எடுத்துப் போட்டு, அவருக்குக் கொஞ்சம் பெயர் வந்தது. வைட்ஃபீல்டிலிருந்தெல்லாம் ஆட்கள் காரில் வந்தார்கள். கைவினைப் பொருள்களுக்கான ஒரு கண்காட்சியில் அவருக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து, என்னோடு வேலை பார்க்கும் ஷீலாவுடன் போனேன். அவரைப் பெருமையாகக் காட்டத்தான் கூட்டிப்போனேன்.

மேசையில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள். எல்லோரும் ஒன்றைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். முன்னால் ஒரு சின்ன அட்டையில் 'காபி' என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. ஷீலா கைப்பிடியைப் பிடித்தாள்.

ஒரு மேசை. எதிரெதிரே ஒரு ஆணும் பெண்ணும். நடுவில் இரண்டு டம்ளர். கைப்பிடி சுழலத் தொடங்கியதும் பெண்ணின் தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது, தோள் மேலே ஏறியது. அங்கேயே நின்றது. அப்புறம்தான் ஆணின் கை மெதுவாக மேலே எழுந்தது. எழுந்து, வளைந்து, கீழே இறங்கி, டம்ளரை எடுத்தது. குடித்தான். பெண்ணின் தலை மெல்ல நேரானது.

கூட்டம் சிரித்தது. அவன் காபி எடுக்கத்தான் கையைத் தூக்கினான், அதற்குள் இவள் பயந்துவிட்டாள். அந்த இடைவெளி அவ்வளவு சரியாக இருந்ததால் சிரிப்பு வராமல் இருக்க முடியாது. ஷீலா மறுபடி சுற்றினாள். "எங்க வீட்ல இதுக்கு நேர்மாறு. நான் கையத் தூக்கினா அவரு இப்படித்தான்" என்று என் தோளில் தட்டினாள்.

பெட்டிமேல் இருந்த அந்தக் குட்டி மேசையின் ஒரு காலுக்கடியில் தீப்பெட்டிக் குச்சி கனத்துக்கு ஒரு முட்டு வைத்திருந்தது. அங்கிள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அப்படி ஒரு முட்டு உண்டு. கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் இரண்டு பேரையும் அங்கே உட்கார வைத்துக் கேக்கும் காபியும் கொடுத்தார். அன்று பிரேம் நல்ல மனநிலையில் இருந்தான், ஜோக்கெல்லாம் சொன்னான். டம்ளரை எடுக்கக் கையை நீட்டியிருப்பான். நான் தலையைத் திருப்பியிருப்பேன். எனக்கு நினைவில்லை. அப்படி ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது என்றே அந்தக் கண்காட்சி மேசையின் முன்னால் நிற்கும்வரை எனக்குத் தெரியாது.

ஷீலா அடுத்த மேசைக்குப் போனாள். நான் அங்கேயே நின்றேன். கூட்டம் கலைந்ததும் அவரிடம் கேட்டேன்.

"இது யாரு அங்கிள்?"

"யாருமில்ல டீச்சர். பொதுவா செஞ்சது."

"அந்த மேசை?"

என் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"அந்தத் திரும்பறது சரியா வந்திருக்கா?"

நான் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. "சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அது உண்மையும்கூட.

மூன்று வாரத்தில் ஒரு பெட்டி துணியோடு அந்த வீட்டிலிருந்து கிளம்பி, ஆசிரியைகள் தங்கும் விடுதி ஒன்றில் சேர்ந்தேன். இந்தக் கதையைக் கேட்ட ஒன்றிரண்டு பேர், அப்படியானால் அந்தப் பொம்மைதான் உன்னைக் காப்பாற்றியது என்றார்கள். கலை என்றால் அதுதான் என்று ஒருவர் சொன்னார். நான் அதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருடம் மேலே நடந்ததைக் கேட்டுக் கேட்டு, அதை ஒரு கட்டையில் எவ்வளவு ஆழத்துக்குச் செதுக்க வேண்டும் என்று யோசித்த ஒரு மனிதருக்கு என்னால் நன்றி சொல்ல முடியவில்லை. படி பதினெட்டுதான். ஏறி வந்து கதவைத் தட்டி, "கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" என்று கேட்டிருந்தாலே போதும்.

வழக்குப் போட்டபோது பிரேம் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. நான் ஞாபகமறதிக்காரி, தடுக்கி விழுகிறவள் என்றார்கள். என் வக்கீலம்மா கேட்டார், "கீழ் வீட்ல இருக்கறவர் வெளி மனுஷர். அவர் வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். சொல்வாரா?"

சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுக்குப் பிறகும் நினைத்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். மாடி பூட்டியிருந்தது, பிரேம் காலி செய்துவிட்டுப் போயிருந்தான். ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அவரே காபி கலந்து கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அரத்தை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் கண்ணால எதுவும் பாக்கலையே டீச்சர்."

"சத்தம் கேட்டீங்களே அங்கிள்."

"பழைய வீடு. சத்தம் நூறு வரும்."

"சீப்பு விழுந்தாலே உங்களுக்குத் தெரியும்."

அரத்தைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார்.

"கழுத்து வலிக்குத் தைலம் குடுத்தீங்க. அதையாவது சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல. நீங்க பார்த்தத, கேட்டத மட்டும் சொன்னாப் போதும்."

"கோர்ட்டுல நின்னு கேள்வி கேப்பாங்க டீச்சர். ஏன் அப்பவே போய்க் கேக்கலன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைத் தானே தன்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார், பதில் கிடைக்கவில்லை, அதனால்தான் வரமாட்டேன் என்கிறார். ஒரு நிமிடம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அதற்குள் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தக் காபிப் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"இத நீங்க எடுத்துக்குங்க. வைட்ஃபீல்டுல ஒருத்தர் ரெண்டு மூணு தடவ கேட்டாரு, குடுக்கல. உங்களுக்குத்தான் வெச்சிருந்தேன். நான் செஞ்சதுல இதான் பெஸ்ட்."

அதைத் தூக்கி அடித்தேன் என்று எழுத ஆசைதான். மேசைமேல் ஜாக்கிரதையாக வைத்துவிட்டு, காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

சாட்சி சொன்னது ரத்னம்மா. நான் கேட்கவே இல்லை. தெரு முனையில் என்னைப் பிடித்துவைத்து விசாரித்து, தானே வருகிறேன் என்றாள். இரண்டு நாள் வண்டியை மூடிவிட்டு மெயோ ஹால் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பிரேமின் வக்கீல் அவளைக் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி மடக்கினார். அவர் அடித்ததை நீ பார்த்தாயா, மாடிக்கு என்றைக்காவது போயிருக்கிறாயா, பார்க்காததை எப்படிச் சொல்கிறாய் என்று.

"பாக்கல சாமி. நான் இந்த அம்மா மூஞ்சியப் பாத்தேன்" என்றாள் ரத்னம்மா. "துணி வாங்க வருவாங்க இல்ல, தெனமும் பாத்தேன். அதுக்கு மேல அடிச்ச கைய வேற நான் பாக்கணுமா?"

அது சட்டப்படி எவ்வளவு செல்லும் என்று எனக்குத் தெரியாது. பெரிதாகச் செல்லவில்லை போல. கடைசியில் சமரசம் பேசி, குற்றச்சாட்டுகளை நான் திரும்பப் பெற்றுக்கொண்டு, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து என்று முடிந்தது. எதுவும் நடக்கவில்லை என்பதுதான் காகிதத்தில் இருக்கிறது. பிரேம் புனேக்குப் போனான், மறுபடி கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்வி. நான் அதே பள்ளியில் இருக்கிறேன். ரத்னம்மாவிடம் துணி கொடுப்பதற்காகவே இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறேன்.

அவரைத் திரும்பப் பார்த்தது போன மழைக்காலத்தில். முழங்கால் வலிக்கு ஓர் எலும்பு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். புறநோயாளிகள் கூடம் நிரம்பி வழிந்தது. எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். நன்றாக மெலிந்துபோயிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. எழுந்து கவுன்ட்டருக்குப் போகப் பார்த்தபோது கையிலிருந்த ஃபைல் நழுவி விழுந்தது. எக்ஸ்ரே படங்களும் சீட்டுகளும் தரையெங்கும் சிதறிவிட்டன.

குனிந்தார். இடுப்பு பாதிதான் வளைந்தது. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார், விரல் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. மறுபடி முயன்றார். வருகிறவர்களும் போகிறவர்களும் படங்களை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள். ஒரு சீட்டு சரிந்து வந்து என் செருப்பின் அருகே கிடந்தது. நான் கையை நீட்டினால் போதும்.

நீட்டவில்லை. அவர் குனிவதையும் நிமிர்வதையும் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். கோபத்தில் அப்படிச் செய்யவில்லை. கோபம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. எந்தத் தோளில் பாரத்தைப் போடுகிறார், எந்தக் கால் நடுங்குகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் நியாயமாகாது.

கடைசியில் ஒரு நர்ஸ் ஓடி வந்து எல்லாவற்றையும் பொறுக்கி அவர் கையில் கொடுத்து, அவரை உட்கார வைத்தாள். என் காலருகே கிடந்த சீட்டையும் குனிந்து எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "பக்கத்துலதானே இருந்தீங்க மேடம், எடுத்துக் குடுத்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

"கவனிக்கல சிஸ்டர்" என்றேன்.

அவர் காதில் விழும் தூரம்தான். பிறகு என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன்.